தங்கராசுவின் வாட்டக் கோட்பாடு

மரக்காணம் உப்பளத்தில் பாத்திக்குத் தண்ணீர் கட்டும் மேஸ்திரி தங்கராசுவுக்கு உலகத்தில் தெரிந்தது ஒன்றே ஒன்று. வாட்டம். போர்வெல்லிலிருந்து இறைக்கும் உப்புத் தண்ணீர் கடைசிப் பாத்திவரை தானாக ஓடிச் சேர, தரை எந்தப் பக்கம் எத்தனை விரற்கடை சரிய வேண்டும் என்பதைக் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தே சொல்லிவிடுவார். இதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதை நாமும் மரியாதையாக ஒப்புக்கொள்வோம். மனிதர் அதோடு நின்றிருந்தால் இந்தச் சரித்திரத்தை எழுதும் அவசியமே வந்திருக்காது.

மச்சினனுக்கு வயிற்றுவலி வந்தபோது, கட்டிலின் வாட்டம் சரியில்லை என்று கால்மாட்டில் செங்கல் வைத்தார். டாக்டர் சிறுநீரகக் கல்லை எடுத்துக் கையிலேயே கொடுத்த பிறகும் தங்கராசு தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டு மாடு பால் வற்றியபோது கொட்டகையின் சரிவை மாற்றச் சொன்னார். மாற்றினார்கள். மாடு சினையாக இருந்தது பிறகுதான் தெரிந்தது.

போன மாதம் அவர் வீட்டுக்குப் பெரிய டிவி வந்தது. பிளக் பாயிண்டும், டிஷ் வயர் உள்ளே வரும் ஓட்டையும் தெருப்பக்கச் சுவரில், ஜன்னலுக்குக் கீழே இருந்தன. டிவி அங்கே வந்திருந்தால் நல்லது. ஆனால் தெருவில் போகிறவன் ஜன்னல் வழியாகப் பார்த்தால் படம் முழுசாகத் தெரிய வேண்டாமா? எனவே எதிர்ச்சுவரில், இருபத்திரண்டு அடி தள்ளி மேஜைமேல் உட்கார்ந்தது. அந்த வீட்டில் டிவி பார்ப்பதற்கு வாங்கியதல்ல, பார்க்கப்படுவதற்கு வாங்கியது.

எலக்ட்ரீஷியன் சதீஷ் வந்து பார்த்தான்.

"செவுத்த வெட்டி பைப் பொதைச்சி, டிவிகிட்ட ஒரு பாயிண்ட் குடுத்துடலாம் மேஸ்திரி."

"ரோஸ் பெயிண்ட் அடிச்சி ரெண்டு மாசம் ஆவல. செவுத்துல கை வைக்காத."

"அப்ப தரையோரமா பிளாஸ்டிக் கேசிங் போட்டு வயர ஓட்டிடறேன்."

தங்கராசு குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடினார். "தரையில வர்ற படம் மேஜைமேல எப்பிடிடா ஏறும்? மேட்டுக்கு ஏத்தணும்னா மோட்டார் வேணும். இங்க மோட்டார் எங்க இருக்குது?"

"வயர்ல வாட்டம்லாம் கெடையாது மேஸ்திரி."

"நீ படிச்சது அவ்ளோதான்."

சதீஷ் கட்டிங் பிளேயரைப் பையில் போட்டுக்கொண்டான். "நீங்களே ஓட்டிக்குங்க."

ஓட்டினார். பிளக் பக்கம் ஒரு சவுக்குக் கழியை நட்டு, டிஷ் வயரையும் கரண்ட் வயரையும் அதன் உச்சிக்கு ஏற்றி, அங்கிருந்து கூடத்தின் குறுக்கே சரிவாக இறக்கி டிவிக்கும் அதன் செட்டாப் பாக்ஸுக்கும் கொண்டுபோனார். டிஷ் வயர் நீளம் போதாமல் நடுவில் இரண்டு துண்டை முறுக்கி டேப் சுற்றினார். படம் வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், பளிச்சென்று வந்தது. அன்று சாயங்காலம் டீக்கடையில் அவர் பேசியதைக் கேட்டவர்கள் இன்னும் முழுதாகத் தேறவில்லை.

நான்காம் நாள் படம் கட்டம் கட்டமாக நின்றது. திறந்தே கிடந்த ஜன்னல் வழியாகக் கடல்காற்று வந்து, முறுக்கிய இடத்தில் செம்பைப் பச்சையாக்கியிருந்தது. உப்புக் காற்று கம்பியைத் தின்னும் என்பது முப்பது வருஷம் உப்பளத்தில் நின்றவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அது வாட்டத்தில் சேராதே. சரிவு போதவில்லை என்று முடிவு கட்டி, டிவியை மேஜையிலிருந்து ஸ்டூலுக்கு இறக்கினார். வயரைத் தொட்டதில் படம் ஒருநாள் வந்தது. மறுபடி நின்றது. ஸ்டூலிலிருந்து பலகைக்கு, பலகையிலிருந்து தரைக்கு. தெருவில் போகிறவர்களுக்கு இப்போது செய்தி வாசிப்பவரின் உச்சந்தலைகூடத் தெரியவில்லை. வீட்டார் குப்புறப் படுத்து டிவி பார்த்தார்கள்.

"பழையபடி பிளக்குகிட்டயே வச்சிடலாமே" என்றாள் மனைவி அமுதவல்லி.

"வச்சா சதீஷு சிரிப்பான்."

அமுதவல்லி அதே அளத்தில் உப்பு வாரிச் சுமக்கிறவள். ஏதோ டிவி சேனல்காரர்கள் அளத்துக்கு வந்து அவளைப் பேசச் சொல்லி எடுத்துப்போயிருந்தார்கள். அது ஞாயிறு காலை பதினோரு மணிக்கு டிவியில் வரும், ஒரே தடவை. அவள் தன் முகத்தைக் கல்யாண போட்டோவுக்குப் பிறகு பெரிதாக எங்கும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்தே முக்காலுக்கு எதிர்வீட்டு சைத்தூன் பீவியும், கூட உப்பு சுமக்கும் அந்தோணியம்மாளும், இன்னும் நாலு பெண்களும் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். படம் நின்றது. தங்கராசு ஸ்டூலில் ஏறி, பச்சை பிடித்த முடிச்சைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். படம் வந்தது. கையை எடுத்தார். போனது.

"இப்பிடியே புடிச்சிருங்க மேஸ்திரி" என்றாள் அந்தோணியம்மாள். "கம்பத்துக்கு கம்பமும் ஆச்சு."

அவர் கை மாற்றிப் பிடித்தார். மறுபடி கட்டம் கட்டம்.

"அமுதா, மணி ஆவுது. எங்கூட்டு சின்ன டிவியில பாத்துக்கலாம், வா" என்றாள் சைத்தூன் பீவி.

"இவ்ளோ பெரிய டிவிய வச்சிக்கினு அடுத்த வூட்ல போயி நிப்பாளா?" என்றார் மேலிருந்து. "ஒரு ஜாண் வாட்டம்தான் கொறையுது. தரைய மட்டும் கொஞ்சம் தோண்டினா…"

அமுதவல்லி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐம்பத்தாறு. புடவையை இழுத்துச் செருகினாள். "அந்தோணி, அந்தப் பக்கம் புடி."

ஈர உப்பு சுமந்த கைகளுக்கு அது ஒரு சுமையே இல்லை. டிவி கூடத்தைக் கடந்து தெருப்பக்கச் சுவரில் ஜன்னலுக்குக் கீழே போய்ச் சேர்ந்தது. சைத்தூன் பீவி பாக்ஸைத் தூக்கி வந்தாள். அமுதவல்லி நீள வயர்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பாக்ஸோடு வந்த இரண்டு முழ வயரைத் திருகினாள், பிளக்கைச் செருகினாள். மொத்தம் மூன்று நிமிஷம்.

திரையில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். அதன் முன்னால் அவள்.

"ஒதுங்கி உக்காரக் கொட்டாகூட கெடையாதுங்க" என்று அந்த அமுதவல்லி சொன்னாள். "மத்தியானத்துல குவியல் பக்கத்துல ரெண்டு அடி நெழல் வுழும். அதுலதான் சோறு துண்றது."

"என் குரல் இப்பிடியா இருக்குது?" என்று இந்த அமுதவல்லி மெதுவாகக் கேட்டாள்.

"இப்பிடித்தான் இருக்குது. சும்மா கேளு" என்றாள் சைத்தூன் பீவி.

ஸ்டூலின் மேல் தங்கராசு எதிலும் சேராத வயரை இன்னும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். மரத்துப்போன கால் கீழே இறங்க மறுத்தது.

"யாராவது கை குடுங்க, எறங்கணும்" என்றார்.

திரையில் அவள் பேசி முடிக்கவில்லை. ஒருவரும் திரும்பவில்லை.