ஃபஸ்லியாவின் லாச்சியில் கிடந்த ஃப்ளொப்பிகள்

“சசி, உங்கட லெப்டொப்புல ஃப்ளொப்பி போடுற எடம் ஈக்கிதா?”

போன வாரம் காலையிலேயே அலவத்துகொடயிலிருந்து ஃபஸ்லியாவின் போன். லெப்டொப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சார்ஜர் குத்தும் ஓட்டை, பென் ட்ரைவ் குத்தும் ஓட்டை, எதற்கென்றே தெரியாத இன்னொரு ஓட்டை... ஃப்ளொப்பிக்கு? ஒன்றுமில்லை.

வாராவாரம் இந்தப் பத்தியை லெப்டொப்பில் அடித்து அனுப்புவதால், எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று ஒரு பேர் வந்துவிட்டது. யார் கிளப்பிவிட்டார்களோ! போனில் எழுத்தைப் பெரிதாக்கவே பக்கத்து வீட்டில் கேட்கிறவள் நான்.

ஃபஸ்லியா பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதி. வீட்டு முன்னறையில் எம்ப்ரொய்டரி கடை வைத்திருக்கிறாள். அவளிடம் இருப்பது பழைய கம்ப்யூட்டர் மெஷின். டிசைன் இருக்கும் ஃப்ளொப்பியை அதன் வாயில் கொடுத்தால், பூப்பூவாகத் தைத்துத் தள்ளும். இப்போது வாய் மட்டும் செத்துவிட்டது. ஊசி ஓடுகிறது, டிஸ்கை வாசிக்க மாட்டேன் என்கிறது.

வேறு டிசைன் தைக்க வேண்டியதுதானே என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல்.

அக்குறணையில் ஒரு கல்யாணம். பெண்ணின் உம்மாவுக்கு அந்தக் காலத்தில் கல்யாண உடுப்புத் தைத்ததும் ஃபஸ்லியாதான். அதன் கரையில் ஓடிய அதே மல்லிகைக் கொடி மகளின் உடுப்பிலும் ஓட வேண்டும் என்று உம்மா ஒற்றைக் காலில் நிற்கிறார். பழையதைப் பார்த்துத் தைக்கலாம் என்றால், அந்த உடுப்பும் கல்யாண அல்பமும் ஒரு வெள்ளத்தோடு போய்விட்டன. கொடி மிச்சமிருப்பது ஃப்ளொப்பியில் மட்டும்.

“சரியெண்டு வாக்குக் குடுத்துட்டேன் சசி. துணியும் வெட்டியாச்சி. இப்ப ஏலாண்டு சொன்னா என்ட மொகத்த எங்க கொண்டு போய் வெக்கிற?”

திட்டம் சுலபம்தான். ஃப்ளொப்பியிலிருந்து லெப்டொப், லெப்டொப்பிலிருந்து பென் ட்ரைவ். அதை வாசிக்கும் புது மெஷின் கட்டுகஸ்தோட்டையில் ஒரு கடையில் இருக்கிறது. இரண்டு பேரும் கண்டிக்குக் கிளம்பினோம்.

ஃப்ளொப்பி வாசிக்கும் ட்ரைவ் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் குட்ஷெட் பஸ் நிலையத்துப் பக்கம் பழைய சாமான் விற்கும் ஒருவரைப் பிடித்தோம். யாழ்ப்பாணத்துக்காரர்.

“ஓம் அக்கா, இருக்குது. இந்தக் கன்வேட்டரில கொழுவிவிட்டால் சரி. யோசிக்காதேங்கோ.”

யோசிக்காமல் வாங்கிக்கொண்டு ஃபஸ்லியாவின் வீட்டுக்கு வந்தோம். ஒரு ட்ரைவ், ரிப்பன் மாதிரி அகலமான கேபிள், அதை லெப்டொப்போடு சேர்க்க ஒரு கன்வேட்டர். கேபிளின் ஓரத்தில் சிவப்புக் கோடு. கோடு மேலேயா, கீழேயா? யாருக்குத் தெரியும்! போதாக்குறைக்கு நடுவில் சில வயர்கள் மட்டும் முறுக்கிக் கிடந்தன. ரிப்பனோடே வாழ்க்கை நடத்துகிறவள் ஃபஸ்லியா. முறுக்கைக் கண்டால் சும்மா இருப்பாளா?

“பிழையாத் திரும்பீக்கிது. நீவி விடட்டா?” என்று கத்தரிக்கோலோடு வந்துவிட்டாள். முறுக்கு அப்படித்தான் இருக்க வேண்டுமோ என்னவோ... தெரியாததைத் தொட வேண்டாம் என்று கையைப் பிடித்துத் தடுத்தேன்.

எப்படிக் குத்தினாலும் கன்வேட்டர் பொருந்தவில்லை. திரும்பவும் கண்டி.

“அட, இது ஹார்ட் டிஸ்க்குக்கு எல்லோ!” என்றார் கடைக்காரர், நாங்கள்தான் எடுத்துக்கொண்டு ஓடியது போல. பிறகு அலுமாரியைக் கிளறி, யூஎஸ்பி வயரோடு தட்டையாக ஒரு ட்ரைவைத் தந்தார். “இது கட்டாயம் ஓடும்.” அதே குரல், அதே நிச்சயம்.

ஆனால் ஓடியது! கிர்ர்... டக்... கிர்ர்... ஃபஸ்லியா கண்ணை மூடி பிஸ்மி சொன்னாள். ஸ்க்ரீனில் ஒரு கேள்வி வந்தது: இந்த டிஸ்கை ஃபோர்மட் பண்ணவா?

“மரியாதையாத்தானே கேக்குது. ஓமெண்டு போடுங்களேன்!”

என் விரல் பட்டனுக்குப் போய்விட்டது. ஃபோர்மட் என்றால் அழிப்பதல்லவா? சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். அடுத்த டிஸ்க். அதே கேள்வி. அதற்கடுத்ததிலும் அதே. ட்ரைவில் கோளாறா, லெப்டொப்பில் கோளாறா, என்னிலேயே கோளாறா? ஒன்றும் விளங்கவில்லை.

“இதையெல்லாம் எங்க வச்சிருந்தீங்க?”

“பத்திரமாத்தான். லாச்சிக்குள்ள.”

தையல் மேசையின் லாச்சியை இழுத்துக் காட்டினாள். உள்ளே, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய பெரிய காந்தம் ஒன்று, உடம்பெல்லாம் குண்டூசியோடு. தரையில் சிந்தும் ஊசிகளைப் பொறுக்க ஒரு காந்தம் இல்லாத தையல் வீடு உண்டா? அதன் மேலேதான் வருடக்கணக்காக வெளியே எடுக்காத அந்தப் பழைய ஃப்ளொப்பிகள் படுத்திருந்தன.

ஃப்ளொப்பி பற்றி எனக்குத் தெரிந்த ஒரே விஷயம், அதன் பக்கத்தில் காந்தம் போகக்கூடாது என்பது. அதைச் சொன்னேன். ஃபஸ்லியா கதிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு பென்சிலை எடுத்தாள். ஞாபகத்திலிருந்து கொடியை வரைந்தாள், அழித்தாள், வரைந்தாள். இலை வலப்பக்கமா, இடப்பக்கமா? மொட்டு எத்தனை? அவள் போட்ட கொடி அவளுக்கே பிடிபடவில்லை. வந்ததை வரைந்து, சாதாரண மெஷினில் ஒரு துண்டுத் துணியில் தைத்து வைத்தாள்.

மறுநாள் உம்மாவும் மகளும் வந்தார்கள். உம்மா துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலால் தடவினார்.

“இது அது இல்லயே...”

ஃபஸ்லியா எதையும் மறைக்கவில்லை. காந்தம்வரை எல்லாவற்றையும் சொல்லி, “மன்னிச்சிக்கோங்க” என்றாள். உம்மா துணியை மேசையில் வைத்துவிட்டார்.

அதுவரை வாசற்படியில் நின்ற மகள் உள்ளே வந்து துணியைக் கையில் எடுத்தாள்.

“உம்மா, உடுக்கப் போறது நான்தானே? எனக்கு இதுதான் புடிச்சீக்கிது. அந்தப் பழசு வேணும்டு நான் ஒருநாளும் சொல்லல்லயே.”

நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பழையதைப் புதியதோடு இணைப்பது எப்படி என்று கண்டி முழுக்க விசாரித்தோம் – கல்யாணப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை!