இரண்டு குறுக்குக்கோடுகள்

அச்சகத்தில் அவளுக்குக் கோணம்மா என்று பெயர். தேர்வுத்தாள்களில் வரும் முக்கோணங்களையும் வட்டங்களையும் வரைவது அவள் வேலை. வரைவது என்பதைவிடக் கோணலாக்குவது என்றுதான் சொல்லவேண்டும். அறுபது பாகைக் கோணம் தாளிலும் அறுபதாகவே இருந்தால், எழுத வந்தவர் பாகைமானியை வைத்து அளந்து விடையை எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அதனால் முதலில் உள்ளது உள்ளபடி ஒரு படம் போடுவாள். பிறகு ஒரு முனையைப் பிடித்து இழுத்துவிடுவாள். சமமான பக்கங்கள் நெட்டையும் குட்டையுமாகத் தெரியும், செங்கோணம் சாய்ந்து நிற்கும். கடைசி வேலை, குறி போடுவது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமம் என்பதற்கு இரண்டின் மேலும் ஒவ்வொரு சின்னக் குறுக்குக்கோடு.

"நேரா வரைய ஆயிரம் பேர் கிடைப்பான். இவ்வளவு அழகா கோணலாப் போட நம்ம கோணம்மாவை விட்டா யாரு?" என்று மேலாளர் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வார். அவளும் சிரித்துவைப்பாள்.

வாடகைக்கு எடுத்த இரண்டு அறைகளில் அவளும் தங்கையும் இருந்தார்கள். தங்கை, கல்யாணமாகிப் போன வேகத்திலேயே திரும்பி வந்தவள். துணிக்கடையில் நின்றுகொண்டே செய்யும் வேலை. சாயங்காலம் வந்து, வீங்கிய காலை வாளித் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்ப்பாள். அரசாங்க எழுத்தர் வேலைக்கான தேர்வு அது. வயது வரம்பின்படி அந்த வருஷம்தான் அவளுக்குக் கடைசி. உட்கார்ந்து வேலை செய்ய ஒரு நாற்காலி கிடைத்தால் போதும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசையே இருந்ததாகத் தெரியவில்லை.

கோணக் கணக்கு வந்தால் மட்டும் தங்கை திணறுவாள். அக்கா எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள். நாள் முழுக்க மாரடிக்கிற வேலையை வீட்டுக்கும் கொண்டுவராதே என்பாள். ரொம்ப நச்சரித்தால் ஒரே ஒரு வாக்கு கிடைக்கும். "விடை இல்லாத படத்தை எவனும் தாள்ல போடமாட்டான். வரலைன்னா குறை படத்துல இல்ல, பார்க்கிறவகிட்ட."

அச்சகத்தில் ஒரு விதி உண்டு. சொந்தக்காரர் யாராவது எழுதும் தேர்வு என்றால், அந்தத் தாளைத் தொடக்கூடாது. முன்கூட்டியே சொல்லி விலகிவிட வேண்டும். விலகினால் அந்தப் பருவத்து வேலை இன்னொருத்திக்குப் போகும். போன வேலை திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. தங்கை எழுதவிருந்த தேர்வின் தாளே மேசைக்கு வந்தபோதும் கோணம்மா வாயைத் திறக்கவில்லை. வீட்டில் ஒரு சொல் கசியவிடாமல் இருந்தால் ஆயிற்று, அதைவிட நேர்மை என்ன வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்குப் பிறகு தங்கையின் வினாத்தாள் மேசையில் கிடந்தால் அந்தப் பக்கமே போவதில்லை.

அச்சகத்துக்கு வந்த அந்தத் தாளில் ஓர் இருசமபக்க முக்கோணம் இருந்தது. உச்சிக்கோணம் நாற்பது பாகை. அடிப்பக்கத்தை நீட்டி, வெளிக்கோணம் என்ன என்று கேட்டிருந்தது. பக்கங்கள் சமம் என்று கேள்வியில் ஒரு வார்த்தை கிடையாது. படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வழக்கம்போல நேராகப் போட்டுக் கோணலாக இழுத்தாள். குறி போட மறந்தாள். திரும்பத் திரும்பப் பார்த்தும் குறை அவள் கண்ணில் படவில்லை. முன்பே நேராகப் பார்த்துவிட்டவளுக்கு அந்தப் பக்கங்கள் எப்படி இழுத்தாலும் சமமாகவே தெரிந்தன. சரிபார்த்த இருவரும் விடையைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்த்தவர்கள். நூற்றுப் பத்து என்று அவர்களுக்கும் வந்துவிட்டது.

தேர்வெழுதிவிட்டு வந்த தங்கை செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். ஒரு கணக்கு பிடிகொடுக்கவே இல்லை என்றாள். கூடுதல் கோடு போட்டுப் பார்த்தாளாம், இணைகோடு போட்டுப் பார்த்தாளாம். எப்படிப் போனாலும் சமன்பாட்டின் இரண்டு பக்கமும் ஒன்றாகி, கண்டுபிடிக்க வேண்டிய எழுத்தே காணாமல் போய்விடுகிறதாம். பக்கத்து மேசைக்காரி அதை விட்டுவிட்டு மளமளவென்று கடைசிவரை முடித்துவிட்டாள். இவள் பின்பாதியைத் தொடும்போதே மணி அடித்துவிட்டது.

"விட்டுட்டுப் போக வேண்டியதுதானே?" என்றாள் அக்கா.

"நீதானேக்கா சொன்னே, குறை பார்க்கிறவகிட்டன்னு."

செய்தித்தாளின் ஓரத்தில் தங்கை படத்தைப் போட்டுக் காட்டினாள். ஒரு பக்கம் நெட்டை, ஒரு பக்கம் குட்டை, அச்சு அசலாக. கோணம்மாவுக்குத் தன் கை தெரிந்தது. குடிக்கத் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து போனவள், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

கேள்வி தவறு, எல்லோருக்கும் அதற்கான மதிப்பெண் உண்டு என்று அறிவிப்பு வந்தது. போன நேரத்தைத் தர யாராலும் ஆகவில்லை. பட்டியலில் தங்கை இல்லை. அச்சகத்தில் பழியை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டதில், யார் தலையிலும் கனக்கிற அளவுக்கு எதுவும் விழவில்லை. அடுத்த பருவமும் கோணம்மாவுக்கே வேலை வந்தது.

ஒரு விடுமுறை நாளில், துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்த தங்கையிடம் சொல்லிவிட்டாள். "அந்தப் படம் நான் போட்டது. குறி வைக்க மறந்துட்டேன்."

தங்கை கையிலிருந்த புடவையை மடித்து முடித்தாள். "மறதி யாருக்கும் வரும். நான் எழுதுறேன்னு தெரிஞ்சுதானே அந்தத் தாளை எடுத்தே?"

"ஆமா."

"நான் படம் போட்டுக் காட்டின அன்னைக்கே சொல்லியிருக்கலாம். அறிவிப்பு வர்ற வரைக்கும் என் மூளைதான் மட்டம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். நினைக்கட்டும்னு விட்டே, இல்ல?"

விதியை மீறியது கூலிக்காக என்று கோணம்மா சொல்லியிருக்கலாம். வாய் திறக்காதது எதற்காக என்று அவளுக்கே தெரியவில்லை.

சண்டை வரவில்லை. தங்கை துணிக்கடைக்குப் போனாள், வந்தாள். வருஷங்கள் கழித்துக் கோணம்மா படுக்கையில் விழுந்தபோது ஒரு குறையும் வைக்கவில்லை. தூக்கி உட்காரவைத்தாள், துடைத்துவிட்டாள், பகலில் கடைக்கு விடுப்புப் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு, இப்படி ஒரு தங்கை அமைய நீ கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று கண்கலங்கிப் போனாள். கோணம்மாவும் தலையசைத்தாள்.

வேளாவேளைக்கு மாத்திரை வந்தது, கஞ்சி வந்தது. அக்கா என்ற சொல் மட்டும் கடைசிவரை வரவில்லை.