ஆரோக்கியம் அண்ணன் மடித்துப் பார்த்த படம்

ஆரோக்கியம் அண்ணன் போய்விட்டார்.

காலையில் அவர் மகள் போன் செய்தபோது ஆபீஸ் போகிற பஸ்ஸில் இருந்தேன். சத்துவாச்சாரியிலேயே இறங்கி, எதிர்ப்பக்கம் ஆம்பூர் பஸ் ஏறிவிட்டேன்.

பழைய தோல் கம்பெனி நண்பர்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் ஆம்பூரில் நான் தோலுக்குக் கலர் ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் அங்கே தோலைத் தரம் பிரிப்பவர். ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டு... அவர் சொல்லிவிட்டால் முதலாளிகூட மறுபேச்சு பேச மாட்டார்.

லேசில் ஃபர்ஸ்ட் தர மாட்டார் மனுஷன். கேன்டீன் சாம்பாரையே 'தேர்டு' என்று தள்ளிவைத்தவர்!

அப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஆயில் பெயின்டிங் செய்வேன். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, எல்லாம் நானாகத்தான். எங்கள் மாதனூர்ப் பாலாறு, தண்ணீரில்லாத மணல், பின்னால் மலை... அதுதான் என் முதல் பெரிய படம்.

இது தேறுமா? வேலையை விட்டுவிட்டு இதிலேயே இறங்கலாமா? கேட்பதற்குப் படம் தெரிந்த ஆள் யாரும் எனக்கு இல்லை. அண்ணனின் கண்ணைத்தான் நம்பினேன்.

ஃப்ரேம் போடாத வெறும் கேன்வாஸ் துணி. பேப்பரில் சுருட்டி, கம்பெனி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

சாப்பாட்டு நேரத்தில் ஜன்னலோர டேபிளில் விரித்தார். கட்டைவிரலால் தடவினார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

அப்புறம்... மடித்துவிட்டார்.

அடித்த கலர் வெடிக்கிறதா என்று தோலை மடித்து அழுத்திப் பார்ப்பார்கள். நாள் முழுக்க அவருக்கு அதே வேலை. கை அதன் பாட்டுக்குச் செய்துவிட்டது. மலைக்கு நடுவில் பெயின்ட் வெடித்து, செதில் செதிலாக டேபிளில் கொட்டியது.

"ஐயோ... இன்னா காரியம் பண்ணிட்டேன்!"

செதில்களை விரலால் ஒதுக்கிக்கொண்டே சொன்னார். "இப்போ இது தேர்டுதான்பா. நான் கை வெக்கிறதுக்கு முன்னாடி ஃபர்ஸ்ட்டு. சத்தியமா ஃபர்ஸ்ட்டு."

அன்று இருந்த கோபத்தில் அந்த 'தேர்டு' மட்டும்தான் மனதில் நின்றது. "நீங்களே வெச்சுக்கங்கண்ணா" என்று விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அதற்கு ஃப்ரேம் போட்டு வீட்டில் மாட்டிக்கொண்டார். பார்க்கும்போதெல்லாம் கேட்பார். "இன்னொண்ணு போடுப்பா. இந்த வாட்டி தொடவே மாட்டேன். கையக் கட்டிக்கினு தள்ளி நின்னு பாக்குறேன்."

"போடறேண்ணா" என்பேன். போடலாம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் வேலூரில் வேறு வேலை, கல்யாணம், பிள்ளைகள்... பெயின்ட் டியூபெல்லாம் கல்லாகிவிட்டது.

போன கிறிஸ்துமஸுக்குக்கூட போனில் கேட்டார். "எங்கப்பா என் படம்?"

இன்று மதியம் போய்ச் சேர்ந்தேன். ஹால் சுவரில் அந்தப் பாலாறு, அதே வெடிப்போடு. அதற்குக் கீழேதான் பெட்டியை வைத்திருந்தார்கள். மார்பின் மேல் இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டியிருந்தது.

நான் ஒரு மாலையை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

மன்னிச்சுக்கங்கண்ணா... போய்ட்டு வாங்க.