இரண்டு தட்டு

இது நடந்தது. கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். ரங்கூனில் பசுந்தாங் பேட்டை மெக்கானிக் ஞானமுத்து பொய் சொல்லிக் கேட்டவர் யாரும் கிடையாது. கெட்ட வார்த்தை சொல்லிக் கேட்டவர்கள் நிறைய உண்டு. அதிலும் 1965 பிப்ரவரியில் அந்த ஒரு வாரம் அவர் பேசிய பேச்சு இருக்கிறதே, அதையெல்லாம் அச்சில் ஏற்ற முடியாது.

பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது? இது நடந்தது பட்டப்பகலில், மதியம் இரண்டு மணி வெயிலில்.

எல்லாம் ஒரு ஜீப்பால் வந்த வினை. சண்டைக் காலத்தில் பட்டாளம் விட்டுப்போன பழைய வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். சேறு, மேடு எதற்கும் அசராது. நிற்கத்தான் தெரியாது. யாரோ ஒரு தரகரிடம் அதை மலிவாக வாங்கிய லூர்து, "பிரேக் பெடல் தானா கீழ போவுது சயா" என்று பட்டறையில் கொண்டுவந்து தள்ளினான். சயா என்றால் பர்மாவில் வாத்தியாருக்கும் மரியாதை, மெக்கானிக்குக்கும் மரியாதை.

மிதித்தால் பெடல் கீழே போய்விடும் வண்டிகளை ஞானமுத்து எத்தனையோ பார்த்திருக்கிறார். இது மிதிக்காமலே போனது. சாயங்காலம் நிமிர்ந்து நிற்கும் பெடல், காலையில் வந்து பார்த்தால் தரையோடு ஒட்டிக் கிடக்கும். பின்னால் பிரேக் விளக்கு எரிந்து எரிந்து பேட்டரி செத்திருக்கும். ஸ்பிரிங்கை மாற்றினார். விளக்கு சுவிட்சை மாற்றினார். மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிப் புது வாஷர் போட்டார். அந்த வருஷம் ரங்கூனில் நல்ல வாஷர் கிடைப்பது குதிரைக் கொம்பு. அதற்காக ஒரு நாள் முழுக்கக் கடை கடையாக அலைந்தார். நாலு சக்கரத்தையும் பிரித்து மாட்டினார். மறுநாள் காலையில் பெடல் கீழே, விளக்கு மங்கிய சிவப்பில். ஸ்பானரைத் தூக்கிச் சுவரில் எறிந்தார். அதையும் அவரேதான் போய் எடுக்க வேண்டியிருந்தது.

வேண்டாம் என்று தலைமுழுகவும் வழியில்லை. அதற்கு மறுநாள் விடிந்ததும் அதே ஜீப்பில்தான், லூர்து குடும்பத்தோடு, ஞானமுத்துவின் மனைவி செலினும் மகள் பிலோமினாவும் ஞௌங்லேபின் மாதா திருநாளுக்குப் போவதாக ஏற்பாடு. டைபாய்டில் பிள்ளை பிழைத்ததற்கு நேர்ச்சை. சாப்பாட்டுத் தூக்கோடு வந்த செலின் ஜீப்பை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஆச்சா?"

"ஆவல."

"நாளைக்குப் போவணும்."

"ரயில்ல போயேன்."

"திருநாளுக்கு ரயில்ல கால் வைக்க எடம் இருக்குமா? இப்பத்தான் எந்திரிச்ச புள்ள. நீங்க பாத்த வண்டிதான, அப்புறம் என்ன பயம்."

அந்தக் கடைசி வார்த்தைதான் ஞானமுத்துவைக் குத்தியது. அவர் கை பார்த்த வண்டியில் அவர் பிள்ளை ஏறப்போகிறாள். அது நிற்குமா என்று அவருக்கே தெரியாது.

மிச்சமிருந்தது ஒரே வேலை, ஏர் எடுப்பது. பிரேக் குழாயில் காற்று இருந்தால் பெடல் பஞ்சாகிவிடும். ஒருவர் வண்டிக்கு அடியில் புகுந்து சக்கரத்துத் திருகைத் திறக்க, இன்னொருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். பக்கத்துத் தகரப் பட்டறைச் சத்தத்தில் கத்தினால் காதில் விழாது. அதனால் இங்கேயும் சரி, ஆற்றுக்கு அக்கரை டல்லாவிலும் சரி, பட்டறைகளில் பேச்சே கிடையாது. ஸ்பானரால் வண்டிச் சட்டத்தில் தட்டுவதுதான். ஒரு தட்டு என்றால், மிதித்துப் பிடி. இரண்டு தட்டு என்றால், விடு. இரண்டு தட்டு வராமல் உயிரே போனாலும் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் காற்று உள்ளே போய் மொத்த வேலையும் பாழ்.

மேலே மிதிப்பவர் எப்போதும் கூட்டாளி மீரா முகைதீன். "வாங்க பாய்" என்று சொல்லிவிட்டு ஞானமுத்து அடியில் புகுந்தார். ஒரு தட்டுத் தட்டினார்.

பெடல் இறங்கியது. டக், டக், டக்... மூன்று அவசர மிதி. அப்புறம் ஒரு பிடி.

மீரா முகைதீன் நிதானமாக ஒரே மிதியாக மிதிப்பவர். இன்றைக்கு இந்த மனுஷனுக்கு என்ன வந்தது என்ற எரிச்சலோடு ஞானமுத்து திருகைத் திறந்தார்.

போத்தலில் வந்து விழுந்தது பிரேக் ஆயில் இல்லை. சேற்றுத் தண்ணீர். முந்தாநாள்தான் புது ஆயில் ஊற்றியிருந்தார்.

வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே திருகை மூடினார். இரண்டு தட்டு. பெடல் எழுந்தது... கொஞ்சம் தாமதமாக.

அடுத்த சக்கரம். அதே மூன்று மிதி, அதே பிடி. மூன்றாவது சக்கரத்தில் சேறு நின்று நல்ல ஆயில் வந்தது. ஒரு குமிழி இல்லை. ஒரு வாரத்துக்குப் பிறகு ஞானமுத்துவுக்கு மனசு லேசானது.

பெடல் ஓட்டை வழியாக நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. சில்லென்று... ஆற்று நாற்றம்.

நாலாவது சக்கரம். ஒரு தட்டு. டக், டக், டக்... பிடி. திருகை மூடிவிட்டு ஸ்பானரைத் தூக்கினார்.

பக்கத்தில் தகரச் சத்தம் சட்டென்று நின்றது.

வாசலில் செருப்புச் சத்தம்...

அடியில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார். கட்டம் போட்ட லுங்கி. மீரா முகைதீனின் கால்கள். தெருவிலிருந்து வந்துகொண்டிருந்தன.

"லபெயே வாங்கப் போனேன் சயா. டீக்கடையில ஒரே கூட்டம். ஆரம்பிச்சிட்டீங்களா?"

"பாய்... எப்ப போனீங்க?"

"நீங்க அடியில போன ஒடனே. ஏன்?"

ஞானமுத்து தலைக்கு மேலே பார்த்தார். பெடலின் இரும்புக் கை அழுந்தியபடியே நின்றது.

யாரோ இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

உருண்டு வெளியே வந்தார். இருக்கை காலி. பெடல் தரையோடு ஒட்டிக் கிடந்தது. அதன் மேலிருந்து தண்ணீர் வழிந்தது. பின்னால் விளக்கு சிவப்பாக எரிந்தது.

மீரா முகைதீன் கையிலிருந்த தம்ளர் கீழே விழுந்து உடைந்தது.

"விட்டுடுங்க சயா. வண்டிய அனுப்பிடுங்க."

எங்கே அனுப்புவது? லூர்து வந்து ஓட்டிப்போவான். செலின் ஏறுவாள். பிலோமினா ஏறுவாள்... இந்தக் காலும் கூடப் போகும்.

ஞானமுத்து மறுபடி அடியில் புகுந்தார். சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.

டங்... டங்.

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு, மெதுவாக... மிக மெதுவாக... பெடல் மேலே வந்தது.

இருக்கை கிறீச்சிட்டது.

விளக்கு அணைந்தது.

அதற்குப் பிறகு அந்த ஜீப் ஒரு நாளும் தொல்லை கொடுக்கவில்லை. செலினும் பிள்ளையும் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நல்லபடியாகத் திரும்பினார்கள். "இந்த மாதிரி பிரேக் நான் பாத்ததே இல்ல சயா" என்று லூர்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

மார்ச்சில் ஆயில் மாற்ற வந்து நின்ற ஜீப்பைப் பார்த்து, தெருவில் போன ஒருவர் அப்படியே நின்றுவிட்டார். டல்லா படகுத்துறையில் வேலை செய்யும் சபாபதி.

"இது போன மழையில எங்க தொறையில முங்கின வண்டியில்ல? பிரேக் வேல பாத்துட்டு, ஓட்டிப் பாக்கறேன்னு வந்தாரு டல்லா பட்டறை பர்னபாஸ். எறக்கத்துல பிரேக் பிடிக்கல. பின்வெளக்கு மூணு தடவ மின்னுச்சு. அப்புறம் அணையவே இல்ல. தண்ணிக்குள்ள போயும் செவப்பாத் தெரிஞ்சுது."

"ஆளு?"

"தூக்கறப்ப கால் பெடல் மேலயே இருந்துச்சு. விடு விடுன்னு கத்திக்கிட்டே நாலு பேரு இழுத்தோம். லேசுல வரல. பட்டறையில பெடல் மிதிக்கிற ஆளு சயா. வாயால சொன்னா விடுற பழக்கம் இல்ல."

ஞானமுத்து பர்னபாஸ் பேரில் கோயிலில் ஒரு பூசை வைத்தார். யாரும் தட்டாத அந்த இரண்டு தட்டை நாம் தட்டிவிட்டோம், பாவம், போய்ச் சேர்ந்திருப்பார் என்று நம்பினார்.

ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா முடிந்து பட்டறை திறந்த முதல் நாள். ஞானமுத்து ஒரு பழைய பஸ்ஸுக்கு அடியில் கிடந்தார். மீரா முகைதீன் பக்கத்தில் குந்தி, டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். கை தவறி ஸ்பானர் சட்டத்தில் மோதியது.

டங்.

ஆளில்லாத பஸ்ஸில் பெடல் இறங்கியது.

டக்... டக்... டக்.

அப்புறம், பிடித்துக்கொண்டது.