ரெண்டு கற்பூரம்

மழை பிடித்துக்கொண்டால் அம்மன் கோயில் வாசலில் கிடக்கிற செருப்பையெல்லாம் கூரைக்குள் நகர்த்தி வைப்பது யார் என்று ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. ஒருநாள் உள்ளே பூ கட்டிக்கொண்டே பார்த்தேன். எங்கள் பக்கத்து வீட்டுக் கார்முகில். அடுத்தவங்க செருப்பைக் கையால் எடுத்து, ஜோடி பிரியாமல் அடுக்கிவிட்டு, குழாயில் கை கழுவிக்கொண்டு வந்து கும்பிட்டார். யாரிடமும் சொன்னதில்லை.

சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. போன ஐப்பசியிலிருந்து அவர் நடை சரியில்லை. நேர் ரோட்டில் சைக்கிளை முள்வேலியில் விட்டார். காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி. எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொள்வார். காலை வாந்தி என்றால் ஊருக்கு ஒரே அர்த்தம்தான். அவர் மனைவி செவ்வந்தியின் அப்பா குடித்தே செத்தவர். அவள் தினமும் இவர் வாயை முகர்ந்தாள், அரிசிப் பானைக்குள் கைவிட்டு பாட்டில் தேடினாள். ஒன்றும் கிடைக்காததால் சந்தேகம் கூடித்தான் போனது. எங்கே ஒளிக்கிறார் தெரியுமா என்று என்னையும் கேட்டாள். எனக்கும் உள்ளுக்குள் சந்தேகம்தான்.

போதையில், கரி ஓடுகிற பெல்ட் பக்கம் வந்தால் வேலை கிடையாது என்று சூப்பர்வைசர் இசக்கிமுத்து சொல்லிவிட்டார். குடிக்கவில்லை என்றால் கற்பூரம் அணைத்து சத்தியம் பண்ணட்டும் என்றார்கள் கூட வேலை செய்கிறவர்கள். செவ்வந்தியும் அதையே கேட்டாள். இல்லாவிட்டால் பிள்ளையோடு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை. அம்மன் முன்னால் தரையில் கற்பூரம் எரிந்தது. கார்முகில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். வெறும் தரையில் விழுந்தது. இன்னொரு தரம். அதுவும் பக்கத்தில். பொய் சத்தியத்தை அம்மா வாங்கமாட்டாள் என்று கூட்டம் முணுமுணுத்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு கொளுத்தி வெச்சிகினு அடிக்கச் சொல்றீங்களே, எதை அடிக்கறது?"

"மச்சானுக்கு மூணாத் தெரியறதுக்குள்ள வூட்டுக்கு இட்டுகினு போங்கப்பா," என்றான் கூட வந்தவன் ஒருத்தன். எல்லாரும் சிரித்தார்கள்.

செவ்வந்தி சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பையைக் கட்டத் திரும்பினாள். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுக்கம் இல்லை. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மூன்றாம் தரம் அடித்தார், தீ அணைந்தது. அதையும் தந்திரம் என்றார்கள். எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. செவ்வந்தி கையைப் பிடித்து நிறுத்தி, அம்மா வீட்டுக்கு அப்புறம் போ, முதலில் பண்ருட்டி கண் டாக்டரிடம் காட்டு என்றேன்.

டாக்டர் விரலை நீட்டி வலப்பக்கம் நகர்த்தினாராம். இடது கண் கூடவே போனது, வலது கண் நடுவில் நின்றுவிட்டது. கோளாறு கண்ணில் இல்லை, தலையை ஸ்கேன் எடுங்கள் என்றார். மூளையில் கட்டி. கண்ணை வெளிப்பக்கம் திருப்புகிற நரம்பு அந்த அழுத்தத்தில் செத்துக்கிடந்தது. எல்லாம் ரெண்டாய்த் தெரிந்ததும் அதனால்தான், வாந்தியும் அதனால்தான்.

புதுச்சேரியில் ஆபரேஷன். அதற்கப்புறம் அவர் கண் திறக்கவில்லை. அன்றைக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகிறதுக்கு முன்னால் அவர் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டேன். செவ்வந்தி தலை நிமிராமல் அழுதுகொண்டு நின்றாள். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்:

"அழ வேணாம்னு சொல்லுங்கக்கா. குடிச்சிருந்தா நல்லாருந்திருக்கும்னு எனக்கே தோணுது. விடிஞ்சா தெளிஞ்சிருக்கும்ல."