பின்மண்டையில் ஒரு முகம்

சிறுத்தை பின்னாலிருந்துதான் பாயும், ஆகவே பின்மண்டையிலும் ஒரு முகத்தைக் கட்டிக்கொண்டால் அது நம்மை விட்டுவிடும் என்று நான் நம்பினேன். எங்கோ சதுப்புக் காட்டுக்குள் தேன் எடுக்கப் போகிறவர்கள் புலிக்குப் பயந்து தலைக்குப் பின்னால் முகமூடி கட்டிக்கொள்வதை செல்போனில் பார்த்திருந்தேன். புலிக்கு ஆகுமென்றால் சிறுத்தைக்கு ஆகாதா? நான் வீட்டுக்கு மேல் மாடி எடுத்துக் கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. கண் படாமல் இருக்க முகப்பில் திருஷ்டி முகம் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தேன். முட்டைக் கண், முறுக்கு மீசை, நாடிவரைக்கும் தொங்கும் சிவப்பு நாக்கு. அதை அவிழ்த்து, பின்மண்டையில் வைத்து, மைக்செட் ஒயரால் நெற்றியைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். மைக்செட் வாடகைக்கு விடுவதுதான் என் தொழில் என்பதால் வீட்டில் ஒயருக்குப் பஞ்சமில்லை.

என் மனைவி வாசலில் நின்று என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இருக்கிற ஒரு மூஞ்சியையே ஊரு தாங்கல. ரெண்டு எதுக்கு?" என்றாள்.

விஷயம் தெரியாதவளிடம் என்ன பேசுவது. மொபெட்டை மிதித்தேன்.

விஷயம் இதுதான். அரிமளத்துக்கு மேற்கே, தைலமரக் காட்டை ஒட்டி என் மச்சானுக்கு ஆட்டுப்பட்டி இருக்கிறது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ஒரு நாள் விடிந்து பார்த்தால் பட்டிக்குள் சில ஆடுகள் செத்துக் கிடந்தன. தொடையிலும் அடிவயிற்றிலும் கடி. கொன்றது கொன்றபடி கிடந்தது, தின்றது கொஞ்சம்தான். மறுநாள் பேப்பரில் 'மர்ம விலங்கு கடித்து ஆடுகள் பலி' என்று வந்துவிட்டது. எங்கள் மாவட்டத்தில் எது எதைக் கடித்தாலும் பேப்பருக்கு அது மர்ம விலங்குதான். வனத்துறையிலிருந்து வந்தவர்கள் காயத்தைப் பார்த்துவிட்டு நாய் என்றார்கள். எனக்கு அது சப்பென்று இருந்தது.

ஏனென்றால் அந்த வட்டாரத்தில் வேட்டை விலங்குகளைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது. அதாவது நான் அப்படி எண்ணியிருந்தேன். கல்யாண வீடுகளில் மைக்செட்டைக் கட்டிவிட்டால் எனக்கு வேறு வேலை இல்லை. ஆம்ப்ளிபயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மாலை மாற்றுவதிலிருந்து பந்தி முடிகிற வரைக்கும் புலியும் சிங்கமும் பார்ப்பேன். டீக்கடையில் எனக்கு ஒரே எதிரி கறிக்கடை பாய். அவர் சிங்கத்தின் கட்சி, நான் புலியின் கட்சி. பிடரி முடி கழுத்துக்குக் கவசம், புலி எங்கே கடிக்கும் என்பார் அவர். சிங்கம் கூட்டத்தோடு வந்து அடிக்கிறது, புலி தனியாளாக, தானே பதுங்கி, தானே பாய்ந்து, தானே இழுத்துப் போகிறது, இதில் யார் வீரன் என்பேன் நான். காட்டு மாட்டின் கழுத்தைப் பிடித்துத் தொங்கி அதைச் சாய்க்கிற அந்தக் கனத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மயிர்க்கூச்செறியும். அந்தப் புலிக்கே பாய்ச்சல் பல தடவை பொய்த்துத்தான் ஒரு தடவை வாய்க்கிறது என்பதை மட்டும் நான் பாயிடம் சொன்னதில்லை.

என்றாலும் மனசுக்குள் எனக்கு எல்லா மிருகத்தின் மேலும் காதல் உண்டு. ஜாகுவார் என்று ஒன்று இருக்கிறது. மற்றப் பூனைகள் குரல்வளையைத் தேடும்போது இது நேராக மண்டை ஓட்டையே கடித்து உடைக்கும். ஆற்றில் இறங்கி முதலையைத் தூக்கிக்கொண்டு கரையேறும். சீட்டா ஓட்டத்தில் காற்று. ஆனால் ஓடி முடித்ததும் இரைத்துப்போய் உட்கார்ந்துவிடும், அந்த நேரம் பார்த்துக் கழுதைப்புலி வந்து கறியைப் பிடுங்கிக்கொண்டு போகும், சீட்டாவுக்குக் கர்ஜிக்கக்கூட வராது, குருவி மாதிரிக் கீச்சிடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் நல்ல வேலைக்காரனுக்கு நேர்கிற கதி இதுதான் என்று தோன்றும். செந்நாய் விசிலடித்து ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டு, ஆள் மாற்றி ஆள் விரட்டி, மானைக் களைக்க வைக்கும். புலியே சில சமயம் அந்தக் கூட்டத்துக்கு வழிவிட்டு ஒதுங்கும். இவை எல்லாவற்றையும்விடக் குறி தவறாத வேட்டைக்காரன் நம் கண்மாய்க் கரையில் பறக்கிற தட்டான் என்று ஒரு படத்தில் சொன்னார்கள். அன்றைக்குப் பாய் என்னை நம்பவே இல்லை.

சிறுத்தையின் மேல்தான் எனக்குத் தனி மரியாதை. தன்னைவிடக் கனமான மானை வாயில் கவ்வி, செங்குத்தான மரத்தில் ஏறி, கிளையில் துணி காயப்போடுகிற மாதிரிப் போட்டுவிடும். ஊருக்குள் வந்து, வீட்டுக் கொல்லையில் படுத்துக் கிடந்து, ஒருவர் கண்ணிலும் படாமல் போய்விடும். இத்தனை பெருமையுள்ள ஒன்று மச்சான் பட்டிக்கு வந்திருக்க, அதைப் போய் நாய் என்பதா? கடி ஏன் தொடையில் இருக்கிறது என்று பாய் கேட்டார். பட்டிக்குள் நுழைந்தால் சிறுத்தைக்கும் நிதானம் தப்பிவிடும் என்றேன். ஏன் தின்னவில்லை என்றார். பிடிக்கவில்லை போலிருக்கிறது, நீங்கள் விற்கிற கறியை நாங்கள் எல்லாம் தின்கிறோமே, அதற்கு நாக்கு உண்டல்லவா என்றேன். பாய் அன்று எனக்கு டீ சொல்லவில்லை.

இந்தப் பேச்செல்லாம் எனக்கு விளையாட்டு. மச்சானுக்கு அப்படி இல்லை. பட்டியில் ஒரு கிடா இருந்தது. அவருடைய பேரன் பிறந்து, மூச்சுத் திணறி, பிழைப்பானோ மாட்டானோ என்று கிடந்த நாளில், அப்போது குட்டியாக இருந்த அந்தக் கிடாவைக் கருப்பருக்கு என்று நேர்ந்துவிட்டிருந்தார்கள். பையன் பிழைத்துவிட்டான். கிடா வளர்ந்து, கறுத்து, கழுத்து புடைத்து, பின்னோக்கி முறுக்கிய கொம்போடு நின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமை பையனுக்கு முடியிறக்கிக் காது குத்தி, கிடாவை வெட்டுவதாக ஏற்பாடு. அதற்காகவே மச்சானின் மகன் சிங்கப்பூரிலிருந்து லீவு போட்டு வந்திருந்தான். நேர்ந்துவிட்ட கிடாவுக்குப் பதில் வேறொன்றை வாங்கி வெட்ட முடியாது. கடிபட்டு ஊனமானாலும் சாமிக்கு ஆகாது. அது போனால் நேர்த்திக்கடன் அப்படியே நிற்கும், தகப்பன் இல்லாமல் பிள்ளைக்கு மொட்டை போடவும் மாட்டார்கள், இன்னொரு லீவு எப்போது கிடைக்குமோ தெரியாது. மச்சான் சம்சாரம் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை என்று என் மனைவி சொன்னாள்.

மற்ற ஆடுகளைச் சொந்தக்காரர் பட்டிக்கு மாற்றியாகிவிட்டது. கிடா மட்டும் யார் பிடித்து இழுத்தாலும் வராது. குட்டியானை பிடித்து ஏற்றிக்கொண்டு போவது என்று முடிவானது. குட்டியானை என்றால் சின்னச் சரக்கு வண்டி. சனிக்கிழமை மத்தியானம் மச்சான் வண்டி பிடிக்கப் போக, அதுவரைக்கும் கிடாவுக்குக் காவல் நான்.

நான் போய் இறங்கியபோது மச்சான் என் முன்முகத்தைப் பார்த்தார், பின்முகத்தைப் பார்த்தார். சிரிக்கிற நிலைமையில் அவர் இல்லை.

"மாப்ளே, ஒங்களத்தான் நம்பிப் போறேன். இதுக்கு ஒண்ணுன்னா நான் வீட்டு வாசப்படி மிதிக்க முடியாது. திங்கக்கெழம மகனுக்கு பிளைட்டு."

"போயிட்டு வாங்க மச்சான். நான் இருக்கேன்ல," என்றேன்.

அவர் போனார். வேப்பமரத்தில் நீளமான கயிற்றில் கிடா கட்டியிருந்தது. நான் மரத்துக்கு எதிரே, பட்டி வேலிக்கு வெளியே, குட்டிகளை அடைக்கிற பெரிய பஞ்சாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூங்கிலில் பின்னிய கூடை அது. குட்டிகள் இல்லாததால் காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. மொபெட் அங்கிட்டு, காட்டோரம் நின்றது. வெயில் நல்ல வெயில். பயப்பட ஒரு காரணமும் இல்லை.

அப்போது தைலமரச் சருகில் சரசரவென்று ஒரு சத்தம். மரங்களுக்கு நடுவே மஞ்சளும் செம்மையுமாக ஒரு விலா நகர்ந்தது.

நான் படித்த படிப்பெல்லாம் அந்த நேரத்தில் எனக்கு எதிராகத் திரும்பியது. ஓடலாம் என்றால், ஓடுகிறதைத்தான் அது விரட்டும். வேப்பமரத்தில் ஏறலாம் என்றால், அது மானோடு ஏறும், நான் வெறுங்கையோடுகூட ஏற மாட்டேன். பக்கத்துக் கண்மாயில் இறங்கலாம் என்றால், சிறுத்தைக்கு நீச்சல் தெரியும், எனக்குத் தெரியாது. கத்தலாம் என்றால், குரல்வளை எங்கே இருக்கிறது என்று நானே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். ஊருக்கே மைக் கட்டுகிறவனுக்குத் தொண்டையிலிருந்து ஒரு காற்றுகூட வரவில்லை. ஒன்றும் தெரியாதவனாக இருந்திருந்தால் எப்போதோ ஓடித் தப்பியிருப்பேன். பஞ்சாரத்தைத் தூக்கினேன், உள்ளே புகுந்தேன், கவிழ்த்துக்கொண்டேன். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் இருந்தன. ஆட்டுப் புழுக்கை மேல் உட்கார்ந்து, மூங்கில் சந்து வழியாகப் பார்த்தேன்.

காட்டிலிருந்து வெளியே வந்தது செவலை நாய். எங்கள் டீக்கடை வாசலில் படுத்துக் கிடக்கிற அதே செவலை. அதன் பின்னால் இன்னும் ஐந்தாறு, எல்லாம் பாய் கடைக்குப் பின்புறம் கழிவுக்குச் சண்டை போடுகிறவை. அங்கே ஓயாமல் குலைக்கிற கூட்டம் இங்கே மூச்சுக் காட்டவில்லை. அந்த அமைதிதான் என்னை அசத்தியது. கடைத்தெருவில் லாரிச் சக்கரத்தை விரட்டுகிறதும், கல்லைக் குனிந்து எடுத்தாலே வாலைச் சுருட்டுகிறதும் இவைதானா என்று இருந்தது.

செவலை கிடாவுக்கு நேர் எதிரே, கயிறு எட்டாத இடம் பார்த்து, சும்மா வந்தவன் மாதிரிப் படுத்துக்கொண்டது. கிடா அதையே பார்த்துக்கொண்டு நின்றது. அதற்குத்தான் செவலை அங்கே படுத்திருந்தது. இரண்டு நாய்கள் பின்பக்கம் போயின. ஒன்று தொடையைக் குறிவைத்து எட்டிப் பார்த்துப் பின்வாங்கும், கிடா சீறித் திரும்பும், உடனே எதிர்ப்பக்கத்திலிருந்து அடுத்தது வரும். ஒன்று களைத்தால் இன்னொன்று. கிடா அவற்றைத் துரத்தித் துரத்தி மரத்தைச் சுற்றியது. சுற்றச் சுற்றக் கயிறு அடிமரத்தில் சுருண்டு குட்டையாகிக்கொண்டே வந்தது. நாய்கள் அதற்குத் தக்கபடி வட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டே வந்தன. செந்நாயிடம் நான் வாய்பிளந்து பார்த்த அத்தனை வித்தையும் நான் டீக்கடையில் பொறை ரொட்டி வாங்கிப் போட்டு வளர்த்த கூட்டத்திடம் இருந்தது. பஞ்சாரத்துக்குள் இருந்தபடியே, அடடா என்று சொல்லிக்கொண்டேன்.

நடுவில் ஒரு கறுப்பு நாய் பஞ்சாரத்தை மோப்பம் பிடித்து வந்தது. நான் வெடவெடத்துத் திரும்பியதில் பின்மண்டை அதன் பக்கம் போய்விட்டது. முட்டைக் கண்ணும் மீசையும் நாக்கும் மூங்கில் சந்தில் அதன் மூக்குக்கு நேரே நின்றிருக்க வேண்டும். நாய் சற்று நேரம் நின்றது போலிருந்தது. பிறகு என் முதுகு வெதுவெதுப்பாக நனைந்தது. காலைத் தூக்கிவிட்டுப் போயிருக்கிறது.

இதற்குள் கயிறு கிடாவின் உடம்பு நீளத்துக்குக் குட்டையாகிவிட்டது. கிடாவுக்குச் சுற்ற இடம் இல்லை. இனி அவ்வளவுதான், மச்சான் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தேன். வெளியே போ என்று மனசு சொன்னது, நான் பஞ்சாரத்தின் விளிம்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கிடா அப்போது பின்னால் நகர்ந்து, தன் பிட்டத்தை அடிமரத்தோடு அழுத்தி ஒட்டிக்கொண்டது. தொடையும் வயிறும் தேடி வந்த நாய்களுக்கு இப்போது பின்பக்கம் என்பதே இல்லை. எங்கிருந்து வந்தாலும் கொம்புக்கு முன்னால்தான் வர வேண்டும். கொஞ்ச நேரம் இரண்டு தரப்பும் அசையவில்லை. செவலை எழுந்தது. அதுவரைக்கும் ஓடாமல் பலத்தைச் சேர்த்து வைத்திருந்தது போல ஒரே பாய்ச்சலாகக் கழுத்துக்குப் பாய்ந்தது. கிடா தலையைத் தாழ்த்தியது. கொம்பு விலாவில் பட்ட சத்தம், நெல் மூட்டையை லாரியிலிருந்து இறக்கிப் போடுகிற சத்தம் மாதிரி எனக்குக் கேட்டது. செவலை புழுதியில் புரண்டு, அன்றைக்கு முதல்முறையாக வாய்விட்டுக் கத்தி, ஒரு காலை நொண்டிக்கொண்டு காட்டுக்குள் ஓடியது. தலைவன் போனதும் மற்றவை ஒவ்வொன்றாக, எதையோ மறந்து வைத்துவிட்டவை போல, அதன் பின்னாலேயே போயின.

கிடா மூக்கால் ஊதிக்கொண்டு நின்றது. நானும்தான்.

குட்டியானை வந்து நின்றது. மச்சான் இறங்கி நேராகக் கிடாவிடம் போனார். தொடை, வயிறு, கழுத்து, காது என்று தடவித் தடவிப் பார்த்தார். கயிற்றைச் சுற்று விடுவித்து, மரத்தைச் சுற்றிக் கிடந்த நாய்த் தடங்களைப் பார்த்தார். அப்புறம்தான் என் ஞாபகம் வர, தேடி வந்து பஞ்சாரத்தைத் தூக்கினார்.

"மாப்ளே, நாயா?"

"நாய்தான் மச்சான்."

"யாரு வெரட்டுனா?"

நான் கிடாவைக் காட்டினேன்.

அதன் உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பையனுக்கு மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். கருப்பர் கோயில் வாசலில் மஞ்சள் தண்ணீரை ஊற்றியதும் கிடா உடம்பை உலுக்கியது, சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று வெட்டினார்கள். நான் அன்று கறியைத் தொடாமல் ரசம் சாதத்தோடு எழுந்துகொண்டேன். திங்கட்கிழமை மச்சான் மகன் சிங்கப்பூருக்கு விமானம் ஏறினான்.