கடற்கரைக்குப் போக ஒரு நேர்த்தி

எங்கள் ஆட்களுக்குச் சும்மா ஒரு இடத்துக்குப் போகத் தெரியாது. லண்டனுக்கு வந்த இருபத்தாறு வருடத்தில் நானும் என் மனுசனும் பாரிஸுக்குப் போனது கலியாணத்துக்கு, ஜெர்மனிக்குப் போனது செத்தவீட்டுக்கு, சுவிஸுக்குப் போனது வயதுக்கு வந்த ஒரு பெட்டையின் சாமத்தியவீட்டுக்கு. மூன்று நாட்டிலும் நான் பார்த்தது மண்டபமும் கார் பார்க்கும்தான். அதனால்தான் போன ஏப்ரலில் போர்த்துகலுக்கு டிக்கெட் போட்டேன். அங்கே எங்களுக்குச் சொந்தம் என்று ஒருவரும் இல்லை.

ஆனால் ஹரோவில் இருக்கும் மச்சாளிடம், அதாவது மனுசனின் அக்காவிடம், உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவவின் மகளுக்கு இரண்டு தரம் பிள்ளை தங்காமல் போய், இப்போது மூன்றாம் தரம் நான்காம் மாதம். பிள்ளை பிறந்தால் என்று அந்த வீட்டில் ஒருவரும் வாய் திறப்பதில்லை, ஒரு சின்னச் சட்டைகூட வாங்கவில்லை. அந்த நேரத்தில் வெயில் காயப் போகிறோம் என்று எந்த முகத்தோடு சொல்வது?

"போர்த்துகலில இருக்கிற பெரிய மாதா கோயிலுக்குப் போறம் மச்சாள், ஒரு நேர்த்திக்கடன்" என்று சொல்லிவிட்டேன். நாங்கள் சைவம்தான். இருந்தாலும் மாதாவை எங்களில் யார் வேண்டாம் என்பார்கள்?

மச்சாள் உள்ளே போய் ஒரு முழ நீளத்தில் மெழுகுதிரி கொண்டுவந்தா.

"பிள்ளைக்காகக் கொளுத்து. முழுக்க எரியுமட்டும் பக்கத்தில நில், என்ன?"

அதை வாங்கிப் பைக்குள் வைத்தேன். வீட்டுக்கு வரும்வரை என்னை நானே திட்டிக்கொண்டேன்.

நாங்கள் இறங்கியது தெற்குக் கடற்கரை ஊர். அந்தப் பெரிய மாதா கோயில் அங்கிருந்து பஸ்ஸில் அரை நாள் தூரம் என்று ஹோட்டலில் கேட்டபிறகுதான் தெரிந்தது. போர்த்துகல் என்றால் லண்டனுக்குள்ளேயே சட்டனிலிருந்து விம்பிள்டன் போகிற மாதிரி என்று நினைத்திருக்கிறேன், விசரி!

ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், என்ன சுகமான வெயில் அது! தெருவோரத்துத் தோடை மரங்களில் ஆரஞ்சுப் பழமும் பூவும் ஒன்றாக நின்றன. பெற்றோல் ஷெட்டில் விடிய நாலரைக்கு ஷிப்ட் தொடங்குகிற மனுசன் மணலில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். சுட்ட மீனுக்குப் போடவென்று பொக்கெட்டில் கொண்டுவந்த மிளகாய்த்தூளை மறந்தே போனார். எனக்குத்தான் அந்த மெழுகுதிரி சூட்கேசுக்குள் கிடந்து உறுத்தியது.

கடைசி நாள் கடல் குகைகளைப் பார்க்கப் படகுக்குப் பதிந்திருந்தோம். அந்த நாளுக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்ததே. காலையில் மனுசன் மெழுகுதிரியைக் கையில் எடுத்தார்.

"மீன் சந்தைக்குப் பின்னால ஒரு சின்னக் கோயில் இருக்கு. வாரும், அதில கொளுத்துவம்."

"அப்ப படகு?"

"படகு போகட்டும்."

உள்ளே நாங்கள் இரண்டு பேரும் மட்டும். மெழுகுதிரி லேசில் கரையவில்லை. கதவுக்கு வெளியே கடல் மினுங்கியது. படகு போகும் சத்தமும் கேட்டது. நான் விக்கி விக்கி அழுதேன். கடைசிச் சொட்டு உருகும்வரை இருவரும் எழும்பவில்லை.

திரும்பி வந்ததும் ஹரோவுக்குப் போய் எல்லாவற்றையும் மச்சாளிடம் சொன்னேன். அவ தேத்தண்ணியை ஊற்றிவிட்டுக் கேட்டா.

"முழுக்க எரிஞ்சதோ?"

"ஓம் மச்சாள். கடைசிமட்டும் இருந்தனாங்கள்."

"அப்ப அதுவே காணும். மாதாவுக்கு எல்லா இடமும் ஒண்டுதான்." தேத்தண்ணியை என் பக்கம் தள்ளிவிட்டு, "வெயில் நல்ல சூடோ?" என்றா.

"நல்ல சூடு."

"பிள்ளை பிறந்தாப் பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு போ. கேக்கிற ஆக்களுக்கு நேர்த்தி எண்டு சொல்லுவம்."

பிள்ளை பிறந்தால் என்ற சொல்லை அந்த வீட்டில் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

இந்த ஏப்ரலுக்கு டிக்கெட் போட்டாயிற்று. மச்சாளையும் மகளையும் சேர்த்து ஐந்து பேர். ஒராளுக்கு சீட் தேவையில்லையாம், மடியில் வைத்திருக்கலாமாம்.